மீன்கள் எழுதிய நீர் வரலாறு: கிள்ளான் பள்ளத்தாக்கின் நன்னீர் ஈரநிலங்கள்

தமிழகத்தின் ஏரிகளுக்குக் கல்வெட்டுகள் உண்டு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபையின் உறுப்பாக ஏரி வாரியம் என்னும் குழு இயங்கியதைப் பதிவு செய்துள்ளது. ஏரியைக் காப்பது ஊரின் கடமை என்பதற்கு அக்கல்லே சான்று. கோலாலம்பூரின் தென்பகுதியில் சாலாக் செலாத்தான் தொடங்கிச் சுங்கை பீசி, பூச்சோங் வரை பரவிக் கிடந்த ஈயக் குட்டைகளுக்கு அத்தகைய கல்வெட்டு எதுவும் இல்லை. வெட்டியவர்கள் ஈயம் தீர்ந்ததும் அகன்றனர். குட்டைகள் பல தூர்க்கப்பட்டு, அவற்றின்மேல் குடியிருப்புகள் எழுந்தன. எனினும் இந்நிலத்து நீரின் வரலாறு முற்றும் அழிந்துவிடவில்லை. எந்த மீன் வாழ்கிறது, எது மறைந்தது, எது பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடினால், அவ்வரலாறு நம்முன் விரியும்.

இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து ஒன்றே. ஒரு நீர்நிலையில் எத்தனை மீன்கள் உள்ளன என்பது அதன் நலத்தைக் காட்டாது. அந்நிலத்துக்கு உரிய மீன்வகைகள் அங்கே உள்ளனவா என்பதே காட்டும். இவ்வேறுபாட்டை உணராமையால், நலமான நீரைக் கெட்ட நீர் என்றும், கெட்ட நீரை நலமான நீர் என்றும் நாம் கருதி வந்திருக்கிறோம்.

கரிய நீரின் காலம்

சுரங்கமும் தோட்டமும் நகரமும் தோன்றுமுன், சிலாங்கூரின் கடலோரச் சமவெளியில் பெரும்பகுதி சதுப்புக் காடாக இருந்தது. உதிர்ந்த இலையும் வீழ்ந்த மரமும் நீரில் மூழ்கி, முழுதும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த மண்ணை மலாய் மொழியில் காம்புட் என்பர். நாம் அதனை மட்குச் சதுப்பு எனலாம். அங்குத் தேங்கும் நீர், கடுந்தேநீரைப் போலக் கருமை கலந்த செந்நிறம் உடையது. அதன் அமிலத்தன்மை மிகுதி, அதன் பி.எச். மதிப்பு 4-ஐ ஒட்டியும், சில இடங்களில் அதற்கும் கீழாகவும் இருக்கும். உயிர்வளியும் கனிம உப்புகளும் அதில் குறைவு.

இத்தகைய நீரில் உயிர்கள் அரிதாகவே வாழும் என அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணினர். உண்மை நேர்மாறானது. அமில நீருக்கெனவே தம் உடலைப் பழக்கிக்கொண்ட சிறுமீன்கள் அங்கே பல. 1904-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ஜார்ஜ் டுங்கர் மலாயாத் தீபகற்பத்தின் மீன்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும், உடலில் கரிய முக்கோணக் குறியுடைய ஆர்லிகுயின் ரஸ்போராவுக்கு அறிவியற் பெயர் சூட்டியவர் அவரே. வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டில் வாழும் பரோஸ்ஃப்ரோமினஸ் ஹார்வேயி என்னும் மீன் 1987-இலும், பெட்டா லிவிடா என்னும் சண்டைமீன் 1992-இலும்தான் அறிவியலுக்கு அறிமுகமாயின. இரண்டும் விரல் நீளத்திற்கும் குறைந்தவை. பெட்டா லிவிடா சிலாங்கூருக்கு வெளியே வாழ்வதாக அறியப்படாதது.

இவ்வாண்டுகளை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். கோலாலம்பூர் நகரம் தோன்றி நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னரே, அந்நகருக்கு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்ந்த மீன்களுக்குப் பெயரிடப்பட்டது. அதற்குள் அச்சதுப்புகளின் பெரும்பகுதி வடிக்கப்பட்டுவிட்டது. பெயர் பெறுமுன்பே மறைந்த மீன்கள் எத்தனையோ என்னும் வினா இங்கு இயல்பாகவே எழுகிறது. 2006-ஆம் ஆண்டில் சுமத்ராவின் மட்குச் சதுப்பிலிருந்து பேடோசைப்ரிஸ் என்னும் மீனினம் விவரிக்கப்பட்டது. முதிர்ந்த பெண்மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர் மட்டுமே. அக்காலத்தில் அறியப்பட்ட முதுகெலும்பு உயிர்களுள் அதுவே மிகச் சிறியது எனப்பட்டது. யாரும் மதியாத கரிய நீர் அத்தகைய அரிய உயிரை மறைத்து வைத்திருந்தது.

காய்ச்சலும் வடிகாலும்

சதுப்பு ஏன் மதிக்கப்படவில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அக்காரணத்தை நாம் எளிதாகப் புறந்தள்ளல் ஆகாது. 1857-ஆம் ஆண்டில் இராஜா அப்துல்லா ஈயம் தேடும் பொருட்டுச் சீனத் தொழிலாளர் 87 பேரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். அவர்கள் கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் துறையில் இறங்கி அம்பாங்கிற்கு நடந்தனர். ஒரு திங்களுக்குள் அவர்களுள் எஞ்சியோர் 18 பேரே. ஏனையோரைப் பெரிதும் கொன்றது மலேரியாக் காய்ச்சல்.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளான் வட்டாரத்தின் அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் காய்ச்சல் பரவி, துறைமுகப் பணியே முடங்கியது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897-இல் மெய்ப்பித்திருந்தார். அவ்வறிவைப் பின்பற்றிய வாட்சன், கிள்ளான் நகரையும் துறைமுகத்தையும் சூழ்ந்த சதுப்புகளின் நீரை வடிக்கச் செய்தார். காய்ச்சலால் நேர்ந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. சூழ்ந்திருந்த தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளருள் மாண்டோர் மிகப் பலர். ஆதலின் அவ்வடிகால்கள் நம் முன்னோர் பலரின் உயிரைக் காத்தன என்பதை நன்றியுடன் கூறுதல் வேண்டும்.

ஆனால் வாட்சன் கண்ட மற்றொரு உண்மையும் உண்டு. சமவெளியில் நிழல் அடர்ந்த சதுப்பில் பெருகிய கொசு ஒருவகை. மலைச்சரிவில் காடு வெட்டப்பட்டு வெயில் படர்ந்த தெளிந்த ஓடைகளில் பெருகிய கொசு மற்றொரு வகை. சமவெளியில் நோயை ஒழித்த முறை மலைத்தோட்டத்தில் பயன்படவில்லை. அங்குக் காடழித்தலே காய்ச்சலைப் பெருக்கியது. நீரின் தன்மைக்கேற்ப அதில் வாழும் உயிர் மாறும் என்பதை இம்மண்ணில் முறையாக எடுத்துக்காட்டிய முதற்பாடங்களுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம். அப்பாடத்தின் ஒரு பாதியாகிய வடித்தல் நாடெங்கும் பரவியது. நீரின் வகையறிந்து செயற்படுதல் என்னும் மறுபாதி மறக்கப்பட்டது. சதுப்பு என்றாலே சாவு என்னும் எண்ணம், கொசு ஒழிந்த பின்னும் ஒழியவில்லை.

ஈயம் விட்டுச்சென்ற குட்டைகள்

இயற்கை ஈரநிலங்கள் வடிந்துகொண்டிருந்த அதே காலத்தில், மனிதர் தோண்டிய புதிய நீர்நிலைகள் பெருகின. ஈயத்தாது ஆற்றுப்படுகை மண்ணில் கலந்து கிடப்பது. மண்ணை நீரால் கரைத்து, கனமான தாதைப் பிரித்து, எஞ்சிய மணலையும் களியையும் வெளியேற்றுவதே தொழில்முறை. சரளைமண்ணை இறைக்கும் பம்புகளும், 1912-ஆம் ஆண்டையொட்டி மலாயாவுக்கு வந்த மிதவைக் கப்பல்களும் நிலத்தை ஆழமாகக் குடைந்தன. சாலாக் செலாத்தானை அடுத்த சுங்கை பீசியில் உருவான திறந்தவெளிச் சுரங்கம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

இத்தொழில் ஆற்றுநீரில் ஏற்படுத்திய முதல் மாற்றம் கலங்கல். கழுவிய களிமண் ஆறுகளில் இறங்கி, மணலும் கூழாங்கல்லும் நிறைந்த படுகைகளை மூடியது. கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் மீனுக்கு இடமில்லாமற் போயிற்று. நீரில் ஒளி புகாமையால் பாசி வளரவில்லை. பாசியை உண்ணும் மீனும் குறைந்தது. உலு சிலாங்கூரில் பழைய கோலகுபு நகரம் சுரங்க வண்டலாலும் வெள்ளத்தாலும் அழிந்து, 1920-களில் புதிய இடத்திற்கு மாற்றப்பட்டது. ஒரு நகரையே புதைத்த வண்டல் மீன்களின் உறைவிடங்களை என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிலைகுலைந்து ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தீத்திவங்சா ஏரி, கெலானா ஜெயாவின் ஏரி, பண்டார் சன்வேயின் நீர்க்கேளிக்கைப் பூங்கா, சுங்கை பீசிச் சுரங்கத்தில் நிரம்பிய பெருங்குட்டை ஆகியவை அனைத்தும் ஈயத்தின் பிள்ளைகளே. டெங்கில் அருகே அமைந்த பாயா இண்டா ஈரநிலமும் பழைய சுரங்க நிலமே. இன்று அது வனவிலங்குத் துறையின் பொறுப்பில் உள்ளது. ஈரநிலம் இயற்கையாகவோ மனிதராலோ உண்டாகலாம் என 1971-ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கை வரையறுக்கிறது. அவ்வகையில் கைவிடப்பட்ட ஈயக் குட்டையும் ஈரநிலமே.

வந்தேறிய மீன்கள்

புதிதாகத் தோண்டிய குட்டையில் யார் குடியேறுவர்? முதலில் வந்தவை காற்றைச் சுவாசிக்க வல்லவை. அருவான் எனப்படும் விரால், புயு எனப்படும் பனையேறிக் கெண்டை, கெலி எனப்படும் கெளுத்திவகை ஆகியவற்றுக்குச் செவுளோடு துணை மூச்சுறுப்பும் உண்டு. நீரில் உயிர்வளி குறைந்தாலும் அவை மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். மழைநாளில் ஈரத்தரையின் மேல் ஊர்ந்து அடுத்த நீர்நிலையை அடையவும் அவற்றுட் சில வல்லவை.

அடுத்து வந்தவை மனிதர் கொணர்ந்தவை. சியாமிலிருந்து செப்பாட் சியாம் நெல்வயல்களுக்குக் கொண்டுவரப்பட்டது. குட்டைக் கரையில் பன்றியும் வாத்தும் வளர்த்துக் கீரை பயிரிட்ட சீன உழவர்கள், அக்கழிவையே தீனியாக்கிப் புல்கெண்டை, பெருந்தலைக் கெண்டை முதலிய சீன மீன்களை வளர்த்தனர். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவாவிலிருந்து திலாப்பியா வந்தது. ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட அம்மீன் அரிசி கிடைக்காத காலத்தில் ஏழைகளின் புரதமாயிற்று. அதன் விதைமீன்களை மேம்படுத்தும் ஆய்வு பின்னர் மலாக்காவில் நடந்தது. 1960-இல் ஹிக்லிங் வெளியிட்ட கலப்பினத் திலாப்பியா ஆய்வு உலக மீன்வளர்ப்புத் துறையில் பேர்பெற்றது.

இறுதியாக வந்தவை அலங்காரத் தொட்டிகளிலிருந்து தப்பியவை, அல்லது கொட்டப்பட்டவை. தென் அமெரிக்காவின் பீக்காக் பாஸ் ஈயக் குட்டைகளில் தூண்டிற்காரர்களின் விருப்ப மீனானது. அது சிறுமீன்களை வேட்டையாடி உண்பது. கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிய உறிஞ்சுவாய்க் கெளுத்திக்கு மக்கள் இட்ட பெயர் இக்கான் பண்டாராயா, அதாவது மாநகராட்சி மீன். தொட்டியின் அழுக்கைத் துப்புரவு செய்வதால் அப்பெயர் பெற்ற அம்மீன், ஆற்றுக் கரையைக் குடைந்து சரிக்கிறது. உள்நாட்டு மீன்களுக்குரிய உணவையும் பறிக்கிறது.

ஆகவே இன்று ஒரு குட்டைக் கரையில் நின்று மீன்கள் துள்ளுவதைக் காண்பவர், நீர் நலமாக உள்ளது என மகிழலாம். அத்துள்ளல் திலாப்பியாவுடையது மட்டுமாயின், அது கழிவையும் குறைந்த உயிர்வளியையும் தாங்கவல்ல ஓரினத்தின் வெற்றியே அன்றி, நீரின் வெற்றி அன்று.

அளவுகோலும் அதன் எல்லையும்

நீரை அளக்க நாட்டில் முறையான ஏற்பாடு உண்டு. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977-இல் வந்த செம்பனை எண்ணெய் ஆலை விதிகளும் அதற்கு அடித்தளமிட்டன. அக்காலத்தில் செம்பனை ஆலைக் கழிவே ஆறுகளின் பெரும்பகை. சுத்திகரிக்கப்படாத அக்கழிவின் உயிரிய உயிர்வளித் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். நீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் உயிர்வளியோ, நம் வெப்பநிலையாகிய 30 பாகையில் லிட்டருக்கு 8 மில்லிகிராமைக்கூட எட்டாது. ஆலையின் சிறு வாய்க்கால் ஒன்று ஆற்றின் மூச்சையே நிறுத்தவல்லது என்பதை இவ்விரு எண்களும் உணர்த்தும்.

சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளை இணைத்துக் கணிக்கப்படுவது: கரைந்த உயிர்வளி, உயிரிய உயிர்வளித் தேவை, வேதி உயிர்வளித் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மங்கள், பி.எச். ஆகியன. விளையும் எண் 100-ஐ நெருங்க நெருங்க நீர் தூயது, 92.7-க்கு மேல் முதல் வகுப்பு, 31-க்குக் கீழ் ஐந்தாம் வகுப்பு. குடிநீருக்கு இவ்வளவைகள் இன்றியமையாதவை. 2014-இல் அமோனியா மிகுந்தமையால் செராஸ் பதினோராம் மைல் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டதையும், 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கலந்த மாசால் ஏறத்தாழ 12 இலட்சம் இணைப்புகளுக்கு நீர் நின்றதையும் நாம் மறவோம்.

ஆயினும் இக்குறியீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. மாதிரிக் குப்பி தான் நிரம்பிய நொடியை மட்டுமே சொல்லும். நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட கழிவை மறுநாள் நண்பகலில் எடுத்த குப்பி அறியாது. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. மனிதர் கைபடாத மட்குச் சதுப்பின் கரிய நீரை இக்குறியீட்டால் அளந்தால் என்னாகும்? பி.எச். 4 உள்ள நீருக்கு அப்பிரிவில் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவான புள்ளியே கிடைக்கும். உயிர்வளி குறைவு, கரிமப் பொருள் மிகுதி என மற்றப் பிரிவுகளிலும் அது பின்தங்கும். பெட்டா லிவிடா வாழும் நீர் தோல்வியுற, திலாப்பியா மட்டும் துள்ளும் பூங்கா ஏரி தேர்ச்சி பெறும்! ஆற்றுக்கென வகுத்த கோலால் சதுப்பை அளந்ததன் பயன் இது.

இக்குறையை நீக்கும் வழியை மீன்களே காட்டின. 1981-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் கார், ஓர் ஓடையின் நலத்தை அதன் மீன் கூட்டத்தைக் கொண்டு மதிப்பிடும் முறையை வகுத்தார். எத்தனை வகை, அவற்றுள் மண்ணுக்குரியவை எவை, மாசைத் தாங்காதவை உள்ளனவா, எவை எதை உண்கின்றன, நோயுற்றவை எத்தனை என வினவி, கெடாத நீர்நிலையோடு ஒப்பிடுவதே அம்முறை. இலண்டனின் தேம்ஸ் ஆறும் இத்தகைய மீன் பதிவுக்குச் சான்று. 1957-ஆம் ஆண்டின் ஆய்வு, கியூவிலிருந்து கிரேவ்செண்டு வரை மீனினம் நிலைத்து வாழவில்லை எனக் கண்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டபின், மின்நிலையங்களின் நீர் உறிஞ்சும் வலைகளில் சிக்கிய மீன்களை ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பதிந்தனர். 1974-இல் சால்மன் ஒன்றும் அகப்பட்டது. அப்பட்டியலே ஆறு மீண்டதற்கான ஆவணமாயிற்று.

நமக்கும் அடித்தளமான ஆவணங்கள் உள்ளன. கோம்பாக் ஆற்றின் நீரியலைப் பற்றி ஜேம்ஸ் பிஷப் எழுதிய நூல் 1973-இல் வெளிவந்தது. மொஹ்சினும் அம்பாக்கும் எழுதிய தீபகற்ப மலேசியாவின் நன்னீர் மீன்கள் பற்றிய நூலைச் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்டது. ஒப்பிடுவதற்குப் பழைய பட்டியல் இல்லாத நாடு, தான் இழந்ததையும் அறியாது.

முன்நிற்கும் தேர்வு

புத்ராஜெயா நகரை அமைத்தோர் அதன் ஏரிக்கு வரும் நீரை வடிகட்ட, 24 தொகுதிகளாக அமைந்த செயற்கை ஈரநிலத்தை 1990-களின் இறுதியில் உருவாக்கினர். நாணலும் கோரையும் ஊட்டப்பொருளை உறிஞ்ச, வண்டல் படிந்து, தெளிந்த நீர் ஏரியை அடைகிறது. அது போற்றத்தக்க பொறியியல். ஆயினும் அது மட்குச் சதுப்புக்கு ஈடாகாது. நாணலை ஓராண்டில் நடலாம். ஆயிரக்கணக்கான ஆண்டு மட்கை நட இயலாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. 2020-ஆம் ஆண்டில் வட கோலலங்காட் வனக்காப்பகத்தின் 930 எக்டேருக்கும் மேற்பட்ட மட்குச் சதுப்புக் காட்டைக் காப்பு நிலையிலிருந்து நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அக்காடு சிதைந்தது, அடிக்கடி தீப்பற்றுவது என்பன காரணங்களாகச் சொல்லப்பட்டன. தெமுவான் பூர்வகுடி மக்களும் பொதுமக்களும் எதிர்த்தனர். 2021 ஆகஸ்டில் 536 எக்டேருக்கும் மேல் நீக்கப்பட்டது வெளியாகி, எதிர்ப்பு வலுத்தபின், செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது. காடு தீப்பற்றுவதன் காரணம் அதைச் சுற்றி வெட்டிய வடிகால்களே என்பதை அறிந்தோர், நோயாளியைக் கொல்ல நோயையே காரணம் காட்டல் ஆகாது என்றனர்.

ஈயக் குட்டைகளுக்கும் இதே கூர்ந்த நோக்கு வேண்டும். 2014-இன் வறட்சியில் பெஸ்தாரி ஜெயாவின் குட்டை நீர் சிலாங்கூர் ஆற்றுக்கு இறைக்கப்பட்டது. ஈயத்தாதோடு ஆர்செனிக் கலந்த கனிமமும் இருப்பதுண்டு. ஆகையால் அந்நீரின் கனவுலோகம் பற்றிய ஐயம் எழுந்தது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கறுத்த நீரெல்லாம் அழுக்கு நீரும் அன்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்கு வெளியே கற்பிக்கலாம். பள்ளிக்கு அண்மையிலுள்ள ஒரு குட்டையைத் தேர்ந்து, திங்களுக்கு ஒருமுறை கரையில் நின்று, கண்ட மீன்களையும் தூண்டிற்காரர் காட்டும் மீன்களையும் மாணவர் பதியட்டும். ஒவ்வொரு மீனுக்கும் மலாய், தமிழ், அறிவியற் பெயர்களை எழுதட்டும். மண்ணுக்குரியதா, வந்ததா எனக் குறிக்கட்டும். நாளையும் நேரத்தையும் தவறாது எழுதுதல் வேண்டும். நீர்த்தாவரங்களும் பாசியும் இரவெல்லாம் உயிர்வளியை உண்பதால், விடியற்காலையில்தான் அது மிகக் குறையும். மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்பது அவ்வேளையிலேயே. நீரில் இறங்குதலும், பிடித்த மீனை வேறிடத்தில் விடுதலும் கூடா. பத்தாண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட அத்தகைய ஏடு, அக்குட்டையைத் தூர்ப்பதா காப்பதா என்னும் வினா எழும் நாளில், ஊர்மன்றத்தின் முன் வைக்கத்தக்க சான்றாகும். உத்திரமேரூரார் ஏரியின் பொறுப்பைக் கல்லில் வெட்டினர். நாம் அதனைத் தாளில் எழுதினாலே போதும்.